கேசட்டில் மிச்சம் இருந்தது

பிற்பகல் 3.35.

கேசட் டெக்கின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

பாடகி கத்தவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வயலின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு ஹாலில் இருந்த ஆறு பேரும் ஓடி வந்தார்கள்.

ஹால் என்றால் பெரிய இடமில்லை. படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் மாடி. நாற்பது நாற்காலி போட்டால் நாற்பத்தொன்றாவது ஆள் நிற்க வேண்டியதுதான். ஒரு மூலையில் டிரம்ஸ், பக்கத்தில் பேஸ் கிதார், நடுவில் ஒரே ஒரு மைக். இடது பக்கம், கேசட் டெக் வைத்திருந்த ஒரு சின்ன அறை. அதன் ஒரே கதவு ஹாலுக்குள்தான் திறக்கும். பூட்டு கிடையாது.

மாதம் ஒரு முறை கடைக்காரர் அங்கே கச்சேரி வைப்பார். இன்றைக்கு ஐந்து மணிக்கு இவளுடையது. இவள் பாட்டை எந்தப் பெட்டியில் போடுவது என்று யாருக்கும் தெரியாது. தாலாட்டு மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் ராக் ஆகிவிடும், கோபம் வந்தால் ராப், அழுகை வந்தால் ஜாஸ். எழுதுவது அவள். மெட்டில் பாதி அவள் கணவன் போட்டது. பதினோரு மாதங்களுக்கு முன்பு, அந்த வருஷத்தின் முதல் மழை பெய்த சாயங்காலம், பயிற்சி அறையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது லாரி மோதி அவன் இறந்துபோனான். காணாமல் போன கேசட்டில் இருந்தது அவன் குரல்.

"போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம். அவங்க வந்தா இன்னிக்குப் பாட்டு கிடையாது" என்றாள் பாடகி. "நான் பாடணும். இன்னிக்கு விட்டா இனிமே பாடவே மாட்டேன்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசைக்காக எப்போதும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும் அம்மாள் கதவருகில் நின்றிருந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். இருபத்தாறு வருஷமாகச் சாட்சிகள் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எடுப்பவர்.

"அம்மா, நீங்க கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்களேன். எத்தனை கேஸ் கேட்டிருப்பீங்க!"

"கேட்டிருக்கேன். தீர்ப்பு சொன்னதில்லை" என்றபடி அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "கீழே கதவைச் சாத்துங்க. வெளியே யாராவது போனாங்களா?"

"யாரும் போகலை. படியில இறங்கினா என் கடை வழியாத்தான் போகணும்."

பிற்பகல் 3.45.

முதலில் பாடகி.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ரெண்டரைக்கு. ஒலி சரிபார்த்தோம். ரெண்டாவது சரணம் அவர் கேசட்ல பாடுவார், நான் இங்கேயிருந்து பதில் பாடுவேன். அப்படித்தான் பாட்டு. சரணம் முடிஞ்சதும் நிறுத்தினேன். முதல்ல இருந்து ஓடறதுக்குச் சுத்தி வச்சு, நாடா எவ்வளவு ஓடிச்சுன்னு காட்டற எண்ணைப் பூஜ்யம் ஆக்கினேன்."

"அதுக்கப்புறம் கேசட்ல என்ன இருக்கு?"

பாடகி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"தெரியாது. அவர் போன மறுவாரம் பயிற்சி அறையில டெக்குக்குள்ளேயே இருந்தது. எப்ப பதிவு பண்ணாருன்னுகூடத் தெரியாது. பாட்டு முடிஞ்சு இன்னும் கொஞ்சம் ஓடுது. ஆனா நான் கேட்டதில்லை, யாருக்கும் போட்டதும் இல்லை. கேக்காம வச்சிருந்தா, அவர் எங்கிட்ட சொல்ல இன்னும் ஏதோ இருக்கிற மாதிரி..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் தைரியம் வந்தது. 'சரணத்தோட நிறுத்தப் போறதில்லை, கடைசி வரைக்கும் ஓடட்டும்'னு ரெண்டரைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

சுருக்கெழுத்தாளர் எழுந்து டெக்கைப் பார்த்தார். மூடிக்குப் பக்கத்தில் மூன்று சின்னச் சக்கரங்களில் எண்கள். 214. தொடவில்லை. எழுதிக்கொண்டார்.

பிற்பகல் 3.52.

அடுத்தது அக்கா. வயலின் வாசிப்பவர். தங்கையைவிடப் பத்து வயது மூத்தவர்.

"அறைக்குள்ள போனீங்களா?"

"மூணு பத்துக்கு. வில்லுக்குத் தடவற ரோசின் எடுக்க. ரெண்டு நிமிஷம்."

"கேசட் இருந்ததா?"

"பார்க்கலை. அந்தக் கேசட்டை நான் பார்க்கறதே இல்லை." குரல் உயர்ந்தது. "மறைச்சுப் பேச மாட்டேன். எனக்கு இது பிடிக்கலை. செத்தவர் குரலை ஓடவிட்டு, இவ பதில் பாடி, நாப்பது பேர் கண்ணைத் துடைச்சுக்கணுமா? இவ ராத்திரி சாப்பிடறதில்லை, தெரியுமா? ஆனா நான் எடுக்கலை."

"பாட்டுக்கு அப்புறம் அதுல என்ன இருக்கும்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

பிற்பகல் 3.58.

ஒலி அமைக்கிறவர். கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் ஒரு சுருள் ஒயர்.

"மூணே காலுக்குப் போனேன். இந்த ஒயருக்கு. நாலஞ்சு நிமிஷம் தேடினேன். கேசட் உள்ளேதான் இருந்தது."

"அந்தக் கேசட்டைத் தரச் சொல்லிக் கேட்டீங்களாமே?"

"ஒரு பிரதி எடுத்து வச்சுக்கலாம்னு பத்துத் தடவை சொன்னேன். நாடா எத்தனை நாள் தாங்கும்? அவங்க கையை விட்டுக் கொடுக்கலை. அவ்வளவு அருமையான பதிவு மேடம். ஒரு ஃபேன் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை. அவர் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது."

"சரணம் எந்த எண்ல முடியுது?"

அவர் மடித்த தாளைப் பிரித்தார். "இருநூறு. ரெண்டரைக்கே குறிச்சு வச்சேன்."

"பாட்டுக்கு அப்புறம்?"

"கேட்டவங்க யாருமில்லையே."

பிற்பகல் 4.04.

பேஸ் கிதார்காரர். தேவைப்படாமல் வாய் திறக்காதவர்.

"அறைக்குள்ள போனீங்களா?"

"இல்லை."

"எங்கே இருந்தீங்க?"

"நாற்காலி."

"என்கூட நாப்பது நாற்காலியும் போட்டார்மா" என்று கடைக்காரர் வாசலிலிருந்தே சாட்சி சொன்னார். "ஒரு பேச்சு பேசலை. நான்தான் தனியா பேசிக்கிட்டே இருந்தேன்."

பிற்பகல் 4.08.

கடைசியாக டிரம்ஸ் வாசிப்பவன். இறந்தவனின் தம்பி. முப்பது வயது இருக்கும். விரல்கள் முழங்கால் மேல் தாளம் போட்டபடியே இருந்தன.

"மூணு இருபதுக்குப் போனேன். சட்டை மாத்த. அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்."

"கேசட்?"

"கவனிக்கலைங்க. டிரம்ஸ்காரனுக்கு எதைத் தட்டலாம்கறதுதான் கண்ணுல படும்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"உங்க அண்ணன் தவறின அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?"

"வெளியூர்ல. ஒரு கல்யாண வரவேற்புல வாசிக்கப் போயிருந்தேன். அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"சும்மா கேட்டேன். பாட்டுக்கு அப்புறம் அந்தக் கேசட்ல என்ன இருக்கும்னு நினைக்கறீங்க?"

"என்ன இருக்கும்? ஷட்டர் மேல மழை விழற சத்தம் இருக்கும். அண்ணன் நிறுத்த மறந்திருப்பார். அதைப் போய் எவன் எடுக்கப்போறான்? எங்கேயாவது விழுந்திருக்கும், தேடுங்க. அண்ணி பாவம்."

சுருக்கெழுத்தாளரின் பென்சில் ஒரு நொடி நின்றது. பிறகு எழுதி முடித்தது.

பிற்பகல் 4.20.

கீழே ரசிகர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கடைக்காரர் அவர்களைச் சட்டங்களுக்கு நடுவில் நிற்கவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே மற்றவர்கள் சின்ன அறையில் கூடினார்கள்.

"எடுத்தவர் கேசட்டை மட்டும் எடுத்துட்டுப் போகலை" என்றார் சுருக்கெழுத்தாளர். "பூஜ்யத்துல இருந்த எண் இருநூத்திப் பதினாலுல நிக்குது. சரணம் முடியறது இருநூறுல. அதாவது, வேகமா ஓட்டிவிட்டு, ஹெட்ஃபோன்ல சரணத்தைத் தாண்டி ஒரு பதினாலு எண் கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கார். குரல் வேணும்னு எடுக்கறவருக்கு அது தேவையில்லை. குரல் ஓடவே கூடாதுன்னு எடுக்கறவருக்கும் தேவையில்லை. குரலுக்கு அப்புறம் என்ன பதிவாகியிருக்குன்னு பயந்த ஒருத்தருக்குத்தான் அது தேவை."

அவர் நோட்டைத் திருப்பினார்.

"அறைக்குள்ள போன எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டேன். பாட்டுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு. மூணு பேருக்குத் தெரியலை. ஒருத்தர் சொன்னதை அப்படியே படிக்கறேன். 'ஷட்டர் மேல மழை விழற சத்தம் இருக்கும்.'"

ஒலி அமைக்கிறவர் நிமிர்ந்தார். "மழையா? பதிவுல ஒரு பொட்டு மழை இல்லையே."

"பாட்டுல இல்லை. பாட்டு முடிஞ்சுதான் மழை ஆரம்பிச்சிருக்கணும். அது கேசட்டைக் கேட்டவருக்குத் தெரியும். இல்லைன்னா, பதிவானப்ப அந்த அறையில இருந்தவருக்குத் தெரியும்." அவர் டிரம்ஸ்காரனைப் பார்த்தார். "இவர் ரெண்டும்தான். இவர் அண்ணன் உயிரோட இருந்தவரைக்கும் அந்த வருஷம் மழை பெஞ்சது ஒரே ஒரு நாள், அவர் தவறின அன்னிக்கு. இருபத்தாறு வருஷம் அடுத்தவங்க சொன்னதை மட்டும் எழுதியிருக்கேன் தம்பி. நானா ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னிக்கு நீங்க சொல்லிட்டா, நான் சொல்ல வேண்டியிருக்காது."

அவன் விரல்கள் நின்றன.

சட்டைக்குள் கையை விட்டுக் கேசட்டை எடுத்தான். மேஜைமேல் வைத்தான். அண்ணியைப் பார்க்கவில்லை.

"நான் வெளியூர் போகலை அண்ணி. அன்னிக்கு அங்கேதான் இருந்தேன். அண்ணன் புதுப் பாட்டை மெஷின் தாளத்துல போட்டுப் பார்த்திருந்தார். எனக்குப் பதிலா மெஷினான்னு கேட்டேன். மாதிரிக்குத்தான்டான்னார். நான் கேக்கலை. என்னென்னமோ பேசினேன். அப்ப மழை பிடிச்சுக்கிச்சு. கார் சாவி எங்கிட்ட. வாடா போலாம்னார். 'நீ எனக்கு அண்ணனே இல்லை, நடந்தே போ'ன்னுட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பத்து நிமிஷ நடைதானே அண்ணி. பத்தே நிமிஷம். டெக்குல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்தது, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறப்பதான் ஞாபகம் வந்தது. பதினோரு மாசமா, இன்னிக்கு கேட்டுடுவீங்க, நாளைக்கு கேட்டுடுவீங்கன்னு... இன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி ஓடப்போகுதுன்னதும் என்னால முடியலை. நிஜமாவே பதிவாகியிருக்கான்னு பார்த்தேன். மழை கேட்டுது. என் குரல் ஆரம்பிச்சுது. அதுக்கு மேல கேக்க முடியலை, எடுத்துட்டேன். உடைச்சுப் போடலாம்னுதான் எடுத்தேன். அண்ணன் குரலும் அதுலதானே இருக்கு. உடைக்கக் கை வரலை."

பாடகி எழுந்தாள். கேசட்டை டெக்கில் போட்டாள். டெக்கிலிருந்து ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடவிட்டாள்.

"கேக்கணும்" என்றாள். "எல்லாரும் இருங்க. நீயும் இரு."

மழை கேட்டது. தகரத்தில் அடிக்கும் மழை. தம்பியின் குரல், அவன் சொன்னதைவிடக் கொடுமையாக. அண்ணனின் குரல், இரண்டு முறை, "டேய், கேளுடா." நடந்தே போ. ஷட்டர் ஏறும் ஓசை, கார் கிளம்பும் ஓசை. அதோடு முடிந்தது என்று நினைத்து டிரம்ஸ்காரன் சுவரில் சாய்ந்தான்.

முடியவில்லை. நாற்காலி இழுபட்டது. ஒரு பெருமூச்சு. பிறகு மைக்குக்கு மிக அருகில், தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரல்.

"அட, இது ஓடிக்கிட்டே இருக்கா... இதை அழிச்சுடணும். அவ கேட்டா பயலோட பேசவே மாட்டா. நாளைக்கு முதல் வேலையா அழிக்கணும்."

சொடுக்கு. நாடா ஒன்றுமில்லாமல் ஓடியது. கடைசி வரை ஓடி, தானாக நின்றது.

டிரம்ஸ்காரன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவன் அழுகையில் ஓசை இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. பேஸ்காரர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் பாடகி, யாரிடமும் இல்லாமல். "எங்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்லையா? அவ்வளவுதானா?"

அக்கா அவளைப் பிடித்துக்கொண்டார். பதினோரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. சுருக்கெழுத்தாளர் வெளியே போய், கீழே இருப்பவர்களை இன்னும் கால் மணி நேரம் நிறுத்திவைக்கச் சொன்னார்.

மாலை 5.10.

பாடகி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கேசட்டை ஒலி அமைக்கிறவர் கையில் கொடுத்தாள். "பிரதி எடுத்துக்கோங்க. முழுசா." பிறகு கொழுந்தன் முன்னால் நின்றாள்.

"உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய். வந்து வாசி. ஆனா இன்னிக்கு என் முகத்தைப் பார்க்காதே."

அவன் தலையாட்டினான்.

மாலை 5.20.

நாற்காலிகள் நிறைந்திருந்தன. முதல் வரிசைக்காரர்கள் கால் நீட்டினால் மைக் ஸ்டாண்டில் இடிக்கும். அவள் நான்கு பாட்டுப் பாடினாள். ஐந்தாவதுக்கு முன்னால் மைக்கைச் சரிசெய்தாள்.

"இந்தப் பாட்டுல ரெண்டாவது சரணம் வேற ஒருத்தரோடது. அவர் இல்லை. அந்த இடம் வர்றப்ப நாங்க வாசிப்போம். நீங்க சும்மா கேளுங்க."

முதல் சரணம் அவள் பாடினாள். அந்த இடம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு ரசிகர்களைப் பார்த்து நின்றாள். வயலின் மெல்ல இழுத்தது, பேஸ் கீழே நடந்தது. எட்டாவது சுற்றில் டிரம்ஸ் தடுமாறியது. ஒரு அடி தவறியது. பிறகு இன்னொன்று. பேஸ்காரர் திரும்பிப் பார்த்தார். குச்சி காற்றிலேயே நின்றுவிட்டது.

பாடகி திரும்பவில்லை. வலது காலைத் தூக்கித் தரைப் பலகையில் ஒரு முறை தட்டினாள். மறுபடி ஒரு முறை. நிறுத்தாமல், அழுத்தமாக, தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே நின்றாள்.

தலை குனிந்திருந்தவனுக்கு அவளுடைய அந்தக் கால் மட்டும் தெரிந்தது. நான்கு தட்டு எண்ணினான். ஐந்தாவதில் சேர்ந்துகொண்டான்.