ஊமையான பாட்டுப் பாய்

வந்தவளின் ஒரு காலில் நீலச் செருப்பு. மறு காலில் பழுப்பு.

"கொலைதானே?" ஆவலோடு எழுந்தான் கொழுந்தன்.

"உட்காருப்பா" என்றாள் அண்ணி. வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கித் துப்பறிபவள் அவள். கணவனின் தம்பியான இவன் உதவியாளன். உதவி என்பது பெரும்பாலும் அவசரப்படுவது.

வந்தவள் அச்சகக்காரி. காகிதத்தில் அல்ல, வளைகிற பிளாஸ்டிக் தாளில் அச்சடிப்பவள். அவள் பட்டறை மை விசேஷமானது. அச்சாகிப் பக்குவப்பட்டபின், தொட்டால் துளி மின்சாரம் தரும். அதை வைத்து ஒரு பாய் செய்திருந்தாள். குழந்தைகள் மிதித்தால் பாடும்.

"நேத்து சாயந்திரம் வரைக்கும் குயிலாட்டம் பாடிச்சு மேடம். காலையில பார்த்தா ஊமை! இன்னிக்கு சாயந்திரம் பொம்மைக் கம்பெனி அம்மா வர்றாங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா பட்டறைக்குப் பூட்டுதான். எல்லாம் எங்க எலக்ட்ரீஷியன் வேலை. நேத்து என் வீட்டுக்காரரோட சண்டை போட்டுட்டுப் போனான். இன்னிக்கே அவனை அனுப்பிடப் போறேன்."

"பாயைப் பார்த்துட்டு அனுப்பலாமே" என்றாள் அண்ணி.

பட்டறையில் இரண்டே அறைகள். முன்னறையில் அச்சு மேசை, மை டப்பாக்கள், தாள்களைச் சுடும் அடுப்பு. அங்கே ராஜ்ஜியம் மை கலக்கும் அவள் வீட்டுக்காரருடையது. கத்தி போல விறைத்த சட்டையில் பளிச்சென்று நின்றார். உள்ளறை எலக்ட்ரீஷியனுடையது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தான்.

மேசைமேல் பாய் கண்ணாடி போல் படிந்து கிடந்தது. பக்கத்தில், அதனோடு ஒரே குழாயில் சுருட்டி வைத்திருந்த இன்னொரு பாய். அதன் ஓரங்கள் பூனை வால் மாதிரி சுருண்டிருந்தன.

அண்ணி படிந்து கிடந்த பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.

"மெதுவா மேடம்! மடிப்பு கலைஞ்சிடப் போகுது" என்று பதறினார் வீட்டுக்காரர்.

அண்ணி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஸ்டூல் பக்கம் திரும்பினாள். "ஒயர் ஏதாவது அறுந்திருக்கா தம்பி?"

"எல்லாத்தையும் மீட்டர் வச்சுப் பார்த்தாச்சு. ஒயர் சுத்தம்."

"ஏன் ஒயரெல்லாம் கிளிப்பாவே மாட்டியிருக்கு? ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கலையா?"

"உயிர் கொடுத்தப்புறம் சூடு ஆகாதுங்க அதுக்கு."

"கேட்டீங்களா கதையை!" வீட்டுக்காரர் சிரித்தார். "தினமும் நான் இதை அடுப்புல வச்சுச் சுடறேன். சூடு ஆகாதாம்! நேத்து சண்டையே இதுக்குத்தான்."

"அதென்ன உயிர் கொடுக்கிறது?" என்றாள் அண்ணி.

எலக்ட்ரீஷியன் முதல்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினான். "அடுப்புல இருந்து வர்றப்போ மைக்குள்ள இருக்கிறதெல்லாம் மூலைக்கு ஒண்ணா பார்த்துக்கிட்டு இருக்கும். உள்ளே கொண்டுபோய் நான் ஹை வோல்டேஜ் கொடுப்பேன். எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிக்கும். அப்புறம்தான் மிதிச்சா பாடும். அதுவும், சும்மா மேல நின்னா பாடாது. மிதிக்கணும், காலை எடுக்கணும்."

கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தான். "இவன்தான் அண்ணி! உயிர் கொடுக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கவும் தெரியும்."

"தெரியும். ஆனா கெடுக்க நினைக்கிறவன் பாயை அழகுபடுத்திட்டுப் போவானா?"

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பாயும் ஒரே குழாயில இருந்தது. ஒண்ணு சுருண்டிருக்கு, ஒண்ணு படுத்திருக்கு. மடிப்பு கலையும்னு யாராவது பாயைப் பத்திச் சொல்வாங்களா? தேய்ச்ச சட்டையைப் பத்தித்தான் சொல்வாங்க." அண்ணி புன்னகையோடு அந்தச் சட்டையைப் பார்த்தாள். "சட்டை பிரமாதம் சார். அதே இஸ்திரிப் பெட்டிதானே?"

வீட்டுக்காரரின் முகம் மட்டும் கசங்கியது.

"சண்டையில ரொம்பக் கத்திட்டேன்னு இருந்துச்சு... வர்றவங்க முன்னாடி பாய் சுருண்டு கிடந்தா இவளுக்குத்தானே அவமானம். துணி போட்டு, மெதுவாத்தான் தேய்ச்சேன். அடுப்புச் சூட்டையே தாங்கினதாச்சேன்னு..."

"அடுப்பு உயிர் வர்றதுக்கு முன்னாடி. உங்க இஸ்திரி, உயிர் வந்ததுக்கு அப்புறம்" என்றாள் அண்ணி. "வரிசையில நின்னதெல்லாம் சூட்டுல கலைஞ்சு போச்சு."

அச்சகக்காரி கணவனைப் பார்த்த பார்வையில் மறுபடி ஓர் இஸ்திரி போடலாம். பிறகு எலக்ட்ரீஷியனிடம் போனாள். "தப்பா நினைச்சுட்டேன் தம்பி. மன்னிச்சுடு."

"அதை அப்புறம் பேசிக்கலாம்க்கா. பாயைக் கொடுங்க, திரும்ப வரிசையில நிறுத்திடறேன்."

உள்ளறைக் கதவு மூடியது. அது மறுபடி திறந்தபோது வாசலில் பொம்மைக் கம்பெனி அம்மா நின்றிருந்தார்.

"எங்கே, பாடச் சொல்லுங்க."

பிராயச்சித்தம் போல வீட்டுக்காரர் பாய் மேல் ஏறினார். பயத்தில் மிக மெல்ல ஏறினார். ஏறியவர் சிலையானார்.

சத்தமே இல்லை.

"போச்சு!" என்று கண்ணைப் பொத்தினான் கொழுந்தன்.

"மரமாட்டம் நின்னா அது எப்படிங்க பாடும்?" என்று மனைவி அவர் இடுப்பில் ஒரு குத்து விட்டாள்.

கூச்சம் தாங்காமல் அவர் துள்ளினார். பாய் பாடியது. நெளிந்தார், பாடியது. சிரிப்பை அடக்கமுடியாத பொம்மைக் கம்பெனி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமும் ஏறினார்.

"ஆர்டர் உங்களுக்குத்தான்" என்றார், குதித்தபடியே. "ஆனா பாயோட இவரையும் சேர்த்து அனுப்பிடாதீங்க."