மூன்றாய் மடித்த தாள்

காலையில் என் முதல் வேலை, நீதிபதியின் செய்தித்தாளில் ஓட்டை போடுவது. எட்டரை மணிக்குள் தாளை முழுக்கப் படித்து, போர்க்காலத்தைத் தொடும் வரி எதுவாக இருந்தாலும் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவேன். சில நாள் நாலைந்து ஓட்டை விழும். நினைவு நாள் வந்தால் தாளே மிஞ்சாது, ராசிபலனும் ஜவுளி விளம்பரமும் மட்டும்தான் உள்ளே போகும். நீதிபதி அம்மா அதையும் விடாமல் படிப்பார்.

"இன்னைக்கு ஜன்னல் கொஞ்சம் அதிகமா இருக்கே, இருதயராஜ்?"

"காத்து வரட்டும்னுதாம்மா."

நாலு வருடமாக எங்களுக்குள் இதே பேச்சுத்தான். என் பதவியின் பெயர் பூட்டுக் காப்பாளர். நீதிபதி தில்லைநாயகிக்கு வரும் கடிதங்களை முதலில் நான் பிரிப்பேன். அவர் நடந்து வரும் தெருவில் அறிமுகம் காட்டிச் சிரிக்கிற ஆட்களை விலக்குவேன். ஒருமுறை மருந்துக் கடையில் ஒரு கிழவி அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். அதற்காக இன்றைக்கும் என் மீது எனக்கே எரிச்சல் உண்டு.

எங்கள் நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். மதகுப் போர் ஏழு வருடம் நடந்தது. மேல்கரையும் கீழ்கரையும் ஒரே ஆற்றுக்காக அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு பக்கமும் களைத்துப்போய் ஒப்பந்தம் போட்டன. சரி, இனி நீதிமன்றம் வைக்கலாம் என்றால் நாற்காலியில் உட்கார ஆள் இல்லை. சட்டம் படித்த அத்தனை பேரும் ஏதோ ஒரு கரைக்காரர்கள். வெளிநாட்டு நீதிபதிகளைக் கூட்டி வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் வாய்க்காலும் புரியவில்லை, வசவும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் எந்தக் கரையோ அந்தக் கரைக்கே தீர்ப்பு விழுந்தது. ஆறே மாதத்தில் விமானம் ஏறிவிட்டார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் நினைவுப் பூட்டு. மருத்துவமனைக்காரர்கள் மெமரி லாக் என்பார்கள். தானாக முன்வரும் சட்டப் பட்டதாரிக்கு, போர் நடந்த ஏழு வருடங்களின் நினைவை மட்டும் பூட்டிவிடுவார்கள். ஊர், பாஷை, ஆறு, சட்டம் எல்லாம் தெரியும். தான் எந்தக் கரை, யாரை இழந்தோம், யாரை என்ன செய்தோம் என்பது மட்டும் தெரியாது. பூட்டு கசிந்தால், அதாவது பழைய வாழ்க்கை எந்த வழியிலாவது நீதிபதியை எட்டினால், அவர் பதவி போகும். அவர் அதுவரை சொன்ன தீர்ப்புகள் அனைத்தும் ரத்தாகி, முதலிலிருந்து விசாரிக்கப்படும். அம்மா சொன்ன தீர்ப்புகள் இருநூற்றுப் பதினாலு.

ஒருநாள் அவர் கேட்டார். "எனக்கு யாராவது இருந்தாங்களா, இருதயராஜ்? பிள்ளைன்னு, வீட்டுக்காரர்னு?"

"தெரியாதும்மா." உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அவருடைய கோப்பு எனக்கும் மூடியதுதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சொக்கையாவின் வழக்கு முடிய வேண்டிய நாள். அவர் பதினாறு கண் கதவணையில் லஸ்கர், அதாவது ஷட்டர்களை ஏற்றி இறக்குகிறவர். போரின் ஐந்தாம் வருடத்தில் ஒரு விடியற்காலையில் பதினாறையும் திறந்துவிட்டார். கீழே நெட்டித்துறையில் நாற்பத்தொரு பேர் தண்ணீரோடு போனார்கள். மேலே இருந்து எழுத்தில் உத்தரவு வந்தது, துப்பாக்கி முனையில் திறந்தேன் என்பது அவர் வாக்குமூலம். உத்தரவு போட்டவர் யார் என்று தெரிந்தால் சொக்கையாவுக்கு மூன்று வருடத்தோடு போகும். தெரியாவிட்டால் முழுப் பழியும் அவர் தலையில்தான், இருபது வருடம்.

"யார் கொடுத்தாங்கன்னு ஒரு அடையாளம்கூடவா தெரியாது?" என்று அரசு வழக்குரைஞர் நிசார் அகமது மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"ஒரு பொம்பள அதிகாரி சார். மூஞ்சியில துணி கட்டியிருந்தாங்க. வேற தெரியாது."

உத்தரவுச் சீட்டின் படம் திரையில் விரிந்து கிடந்தது. 'பதினாறும் திற. உடனே.' அச்செழுத்து மாதிரி எழுதியிருந்ததால் கையெழுத்து நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்கள். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படத்தை வச்சு ஒரு மனுஷனை இருபது வருஷம் உள்ளே போட முடியாது. அசலைக் கொண்டு வாங்க."

சான்றறைக்குப் போய் அரக்கு முத்திரையை உடைத்து உறையைக் கவிழ்த்தேன். சீட்டு மடித்தபடியே விழுந்தது. மூன்றாக மடித்து, வலது மூலையைச் சாய்த்து உள்ளே செருகியிருந்தது. பசையோ பின்னோ இல்லாமல் அப்படி நிற்கும்.

அந்த மடிப்பை நான் தினமும் பார்க்கிறவன். எங்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகலை நீதிபதியே தன் கையால் பாதிக்கப்பட்டவரிடம் கொடுக்க வேண்டும். தபாலையும் கணினியையும் நம்பாத ஜனங்களுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. அம்மா ஒவ்வொரு நகலையும் இப்படித்தான் மூன்றாக மடித்து, மூலையைச் செருகிக் கொடுப்பார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, கை தானாகச் செய்கிறது என்றார். பூட்டுப் போட்ட மேதாவிகள் தலைக்குள் இருந்ததையெல்லாம் பூட்டினார்கள். கையை மறந்துவிட்டார்கள்.

சட்டப்படி நான் அப்போதே மேற்பார்வைக் குழுவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீட்டைப் பிரித்து, தண்டனைச் சட்டத் தொகுதிக்கு அடியில் வைத்து, என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். பத்து நிமிடம். வெளியே சேவகர் தவசி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தாள் ஓரளவு படிந்தது, கோடுகள் போகவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மேசைமேல் வைத்தேன்.

அம்மா படித்தார். திருப்பிப் பார்த்தார். நிசார் அகமது தன் இறுதி வாதத்தைத் தொடங்கினார். அம்மாவின் கண் அவர் மேல் இருந்தது, காது அவர் பேச்சில் இருந்தது. விரல்கள் மட்டும் தாளை எடுத்தன. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. வலது மூலை சாய்ந்து உள்ளே போனது. நகத்தால் ஒருமுறை நீவிவிட்டு, நகலை நீட்டுவது போலக் கையை முன்னால் கொண்டுவந்தார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். பழைய கோடுகளின் மேல் ஒரு நூல்கூடப் பிசகாமல் புது மடிப்பு உட்கார்ந்திருந்தது. நிசார் அகமது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

"இருதயராஜ், இது உறையிலிருந்து வரும்போது எப்படி இருந்தது?"

நான் பதிவேட்டைப் புரட்டுவது போலக் குனிந்தேன்.

"விரிஞ்சு இருந்ததா, மடிச்சு இருந்ததா?"

"விரிஞ்சுதாம்மா இருந்துச்சு!" கத்தியது நானில்லை, சொக்கையா. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "நான் விரிச்சபடியேதான் வாங்குனேன். விசாரணை போதும்மா. குத்தத்தை ஒத்துக்குறேன். இருபது வருசத்தையும் குடுத்துடுங்க."

"இவ்வளவு நாள் இல்லாத அவசரம் இப்ப ஏன்?"

அவர் சட்டைப் பையைக் கையால் மூடினார். மூடிய விரல்களுக்கு மேலே ஒரு தாளின் முனை தெரிந்தது. சாய்த்துச் செருகிய மூலை. இரண்டு வருடத்துக்கு முன், சொக்கையாவின் ஒரே மகனைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொன்ற வேம்பையனுக்கு ஆயுள் தண்டனை விதித்தவர் அம்மாதான். அந்தத் தீர்ப்பின் நகல்.

"அது நான் மடிச்சுக் கொடுத்ததா, பெரியவரே?"

"ஆமாம்மா."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

சொக்கையா அழ ஆரம்பித்தார். "கதவணையில டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னவன்மா நான். நீங்க மடிக்கிறதைப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். எம்புள்ளைக்கு ஞாயம் சொன்னதும் அதே கைதான். நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்லுவேன்?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "மூணாவது தடவை கேட்கிறேன், இருதயராஜ்."

"மடிச்சுத்தாம்மா இருந்தது. நான்தான் பிரிச்சுப் புத்தகத்துக்கு அடியில வச்சேன்." வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"பதிவு பண்ணுங்க. மணி பதினொன்னு பதினாலு. பூட்டு கசிந்தது."

"அம்மா, ஒரு நிமிஷம்!" நிசார் அகமது மேசைக்கே வந்துவிட்டார். "இருநூத்திப் பதினாலு தீர்ப்பும் போயிடும். அத்தனை பேரும் பிணை கேட்டு வெளியே வருவாங்க. மறுபடியும் ரெண்டு கரையும் வெட்டிக்கும். ஒரு மடிப்பு என்னத்தை நிரூபிக்கும்? ஆயிரம் பேர் இப்படி மடிப்பாங்க."

"இருக்கலாம். அதை வேற ஒரு நீதிபதி சொல்லட்டும். என் வழக்குல நானே சொல்லக் கூடாது."

"யாருக்கும் தெரியாதும்மா. கதவு சாத்தியிருக்கு, நாம நாலு பேருதான்."

"நாலு பேரு தெரிஞ்சே மறைச்சா இது கோர்ட்டு இல்லை, நிசார்."

அம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்ததும் சொக்கையாவின் அழுகை கோபமாக மாறியது. "எனக்காகச் செய்யறீங்களா? நான் கேட்டனா? எம்புள்ளைக்கு ஞாயம் சொல்ல இனிமே யாரும்மா இருக்கா?"

"உங்க மகன் வழக்கை மறுபடியும் விசாரிப்பாங்க, பெரியவரே. சாட்சியைத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"பார்த்த சாட்சி ஒருத்திதாம்மா. போன மாசி மாசம் செத்துப் போயிட்டா."

அம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, படியிறங்கி என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"நான் நல்லது செய்யணும்னு பூட்டுக்கு வந்தேனா, இல்லை இதை மறக்கணும்னு வந்தேனா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது. கேட்டுத் தெரிஞ்சுக்கவும் ஆள் இல்லை."

கூண்டுக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று, கூப்பிட்டதும் உள்ளே வந்த காவலர் விழித்தார். அம்மாவே தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனார். அங்கே ஒரே ஒரு பெஞ்சு. அதன் நடுவில் சொக்கையா உட்கார்ந்திருந்தார். அவர் நிமிரவும் இல்லை, நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. சிறை வண்டி வரும்வரை அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

வேம்பையன் வெள்ளிக்கிழமை பிணையில் வந்தான். அவன் ஆட்கள் பட்டாசு வெடித்தது எங்கள் தெரு வரை கேட்டது. தானும் பிணையில் வந்திருந்த சொக்கையா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். சான்றைச் சிதைத்ததற்காக என் மீதும் வழக்கு, திங்கட்கிழமை வாய்தா. தீர்ப்பு சொல்லப்போகிறவர் வடகோட்டத்தின் பூட்டு நீதிபதி. அவர் கை எப்படி மடிக்கும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை பழக்க தோஷத்தில் கத்தரியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். முழுத் தாளோடு சிறைக்குப் போய், கம்பி வழியாக அம்மாவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தில் நெட்டித்துறையின் நாற்பத்தொரு பெயர்களும் வயதுகளும் அச்சாகியிருந்தன. கடைசிப் பெயருக்கு எதிரே எட்டு மாதம் என்று இருந்தது. அம்மா ஒவ்வொன்றாக உதடு அசையப் படித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் எழுந்து நின்று மீதியைப் படித்தார்.

படித்து முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார். காற்றில் படபடத்த அந்தப் பெரிய தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மடிக்காமல் கொடுத்தார்.