ஒன்பது நாள் வலி

அய்யாக்கண்ணு மருந்துக்கடைக்குள் வந்தபோது, ஓய்வுபெற்ற ஏட்டு பஞ்சநதம் தன் வலது முழங்காலை முக்காலியில் நீட்டிப் போட்டுக்கொண்டு மாத்திரைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்த முழங்கால் அவரைப் படாதபாடு படுத்தும். காலையில் ஒன்று விழுங்கியாகிவிட்டது, இன்னொன்று போட்டால் வயிறு புண்ணாகும் என்று கம்பவுண்டர் மீரா உசேன் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வலியைப் பொறுத்துக்கொள்வது தன் ஜாதகத்திலேயே இல்லை என்று பஞ்சநதம் வாதாடினார்.

மீரா உசேன் அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் மருந்து கலக்கியவர். இப்போது திருவாரூர்க் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது விடை தெரியாத சிக்கல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும்முன் அவரிடம் வந்து சொல்லிப் பார்ப்பார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசத்தான் பஞ்சநதம் இருந்தார். முப்பது வருட சர்வீஸில் தாம் சந்தேகப்பட்டது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்பது ஏட்டையாவின் நம்பிக்கை. ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது.

அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். "எங்க வீட்டுக்காரிய இன்னிக்கு சாயங்காலம் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கப் போறாங்களாம் அய்யா. ஆச்சியோட வலி மாத்திரையத் திருடிட்டாளாம்."

விஷயம் இதுதான். கீழமருதூர் மங்களாம்பிகை ஆச்சியின் அரை வேலி நிலத்தை அய்யாக்கண்ணு குத்தகைக்கு உழுகிறான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. மூன்று மாதத்துக்கு முன் ஆச்சி கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது முதல் கஞ்சி ஊட்டுவது வரை அய்யாக்கண்ணுவின் மனைவி ராசம்மாள்தான். ஆச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. கொழுந்தனார் மகன் தியாகராசன்தான் வாரிசு. அவன் கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருக்கிறான். ஒன்பது நாளாக ஆச்சி வலியில் துடிக்கிறார். ஆனால் சீசாவில் மாத்திரை மட்டும் ஒழுங்காக நாளைக்கு இரண்டு குறைகிறது. கொடுக்கிறவள்தான் எடுக்கிறாள் என்று தியாகராசன் முடிவு கட்டிவிட்டான்.

அதோடு போகவில்லை. யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார்கள் என்று சர்க்கார் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்த மறுவருடம் அது. பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரனை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறும்முன் கிளப்பிவிடப் பார்த்தவர்களும், வரப்பில் அரிவாளோடு நின்றவர்களுமாக ஜில்லா முழுக்க ஒரே கொந்தளிப்பு. ஆச்சியின் வாக்குமூலத்தை வாங்க அன்று மூன்று மணிக்குப் பதிவுத் தாசில்தார் வீட்டுக்கே வருவதாக நோட்டீஸ் வந்திருந்தது. திருட்டுப் பட்டம் சுமப்பவளின் புருஷன்தான் உழுகிறான் என்று எந்தச் சீமாட்டி எழுதிக் கொடுப்பாள்?

"மாத்திரை என் கடையிலேர்ந்து போனது" என்று மீரா உசேன் சட்டையை மாட்டினார். "நான் வந்து பாக்கணும். ஏட்டையா, கால் எப்படி?"

பஞ்சநதத்துக்கு முழங்கால் இருந்த இடமே மறந்துபோயிருந்தது.

பஸ்ஸை விட்டிறங்கி வாய்க்கால் கரையில் அரை மைல் சேற்றில் நடந்தார்கள். வழி நெடுக நடவு முடிந்த வயல்கள். ராசம்மாள்தான் குற்றவாளி என்று பாதி வழியிலும், அவளும் புருஷனும் கூட்டு என்று மீதி வழியிலும் பஞ்சநதம் அடித்துச் சொன்னார். அய்யாக்கண்ணு காதில் விழாத தூரத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தது நல்லதாயிற்று.

தியாகராசன் அவர்களை மரியாதையாகவே உட்கார வைத்தான். இந்த மாத்திரைக்கு வெளியே கிராக்கி உண்டு, ராசம்மாள் டவுனில் விற்கிறாள் என்றான். மீரா உசேன் சீசாவிலிருந்து ஒரு மாத்திரையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கசந்தது. சரக்கு அசல்தான், யாரும் மாற்றி வைக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து இப்படி என்று கேட்டார். போன வாரம் செவ்வாய்க்கிழமை, தாசில்தார் நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலத்திலிருந்து என்று தியாகராசன் யோசிக்காமல் சொன்னான்.

பின்கட்டில் ராசம்மாள் அழுது முடித்து நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வேளையும் தன் கையாலேயே ஆச்சியின் வாயில் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் கொடுப்பதாகத் தெய்வத்தின் மேல் ஆணையிட்டாள். ஆச்சி என்னென்ன கேட்பார் என்று மீரா உசேன் விசாரித்தார்.

"தண்ணி கேப்பாங்க. சன்னலத் தொறந்து வைன்னுவாங்க. கோழிக்குப் போடறதுக்கு ஒரு பிடி நொய் கேப்பாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கத்துவாங்களே தவிர, இன்னொரு மாத்திரை குடுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லீங்க" என்றாள்.

அது திருடிக்கு வசதியான பேச்சு என்று பஞ்சநதம் மனதுக்குள் குறித்துக்கொண்டார். மீரா உசேனோ கோழியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆச்சியின் சன்னலுக்கு நேர் கீழே ராசம்மாளின் செங்கோழி பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு ஆடி ஆடி நின்றது. சீக்கு வந்த கோழி தீனி எடுக்காது, இது ஒரு வாரமாக நன்றாகத் தின்றுவிட்டுத் தூங்கி விழுகிறது என்று ராசம்மாள் குறைப்பட்டாள். ஒரு பெண்பிள்ளை ஜெயிலுக்குப் போகப் போகிற நேரத்தில் கோழி வைத்தியம் கேட்கிற மனிதரை என்ன செய்வது? பஞ்சநதம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஏட்டையா, நீங்க ஒரு காரியம் பண்ணணும்" என்றார் மீரா உசேன். "தியாகராசன் கிட்ட புகாரை எழுத்துல வாங்குங்க. தேதி போட்டு, எத்தனை நாளா ஆச்சி வாய்க்குள்ள மாத்திரை போகலைன்னு திட்டமா எழுதச் சொல்லுங்க. அவரு கையெழுத்துலயே இருக்கட்டும்."

இதைவிட இனிப்பான வேலை பஞ்சநதத்துக்கு வேறில்லை. கூடத்தில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார். "செவ்வாய்க்கிழமை மாலை முதல் இன்று காலை வரை என் பெரியம்மாள் வயிற்றில் ஒரு மாத்திரைகூடச் சேரவில்லை" என்று தியாகராசன் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஏட்டையா சாட்சி போட்டார். திறந்திருந்த கதவு வழியாக ஆச்சியின் அறை தெரிந்தது. மீரா உசேன் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி தலையை ஆட்டிவிட்டு, அவர் விரல்களை மடக்கி மூடினார். பிறகு அவர் ஏதோ சொல்ல, ஆச்சியின் முகம் இருண்டது; எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி கட்டில் சட்டத்தைப் பிடித்தார். மீரா உசேன் கும்பிட்டு அமர்த்தினார். இது ஒன்றும் ஏட்டையாவுக்குப் பிடிபடவில்லை.

சரியாக மூன்று மணிக்குத் தாசில்தார் வந்தார். கட்டிலருகே அவருக்கு நாற்காலி போட்டார்கள். தியாகராசன், அய்யாக்கண்ணு, ராசம்மாள், பஞ்சநதம் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தாசில்தார் பேனாவைத் திறந்ததுமே தியாகராசன் தொண்டையைக் கனைத்தான்.

"பெரியம்மா மூணு மாசமா மயக்க மாத்திரையில இருக்காங்க சார். ஓயாம சாப்பிட்டா புத்தி தெளிவா இருக்காதுன்னு உங்களுக்கே தெரியும். அவங்க சொல்றத எழுதிக்கிட்டா நாளைக்குச் செல்லாது."

தாசில்தார் பேனாவை மூடப் போனார். அய்யாக்கண்ணுவின் முகத்தில் ஈயாடவில்லை. மீரா உசேன் பஞ்சநதத்தின் பையிலிருந்த காகிதத்தை வாங்கி நீட்டினார்.

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இதே தம்பி எழுதினது அய்யா. படிச்சுப் பாருங்க."

தாசில்தார் இரண்டு தடவை படித்தார். ஒன்பது நாளாக ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத அம்மாள் எப்படி மயக்கத்தில் இருக்கிறார் என்று தியாகராசனைக் கேட்டார். திருட்டுப் புகார் வேறு, இது வேறு என்று அவன் தடுமாறினான். பஞ்சநதத்துக்கு அப்போதுதான் விளங்கியது. தாம் ஆசை ஆசையாக வார்த்தை எடுத்துக் கொடுத்தது எதற்கு என்று புரிந்ததும் அவருக்குச் சிரிப்பும் பெருமையும் ஒன்றாக வந்தன.

"அப்ப மாத்திரையைத் திருடினது யாரு?" என்று கேட்டார் தாசில்தார்.

"யாரும் திருடலைங்க" என்றார் மீரா உசேன். "வலியில துடிக்கிற மனுஷர் முதல்ல கேக்கறது என்ன? நம்ம ஏட்டையாவைப் பாருங்க, முழங்கால் குடைஞ்சாலே ஒண்ணுக்கு ரெண்டா கேப்பாரு. ஆச்சி ஒன்பது நாள் கத்தியும் ஒண்ணுகூடக் கேக்கலை. மாத்திரை வராம தவிக்கிறவங்க அப்படி இருக்க மாட்டாங்க. வேணாம்னு இருக்கிறவங்கதான் அப்படி இருப்பாங்க."

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ராசம்மாள் மாத்திரையை வாயில் போட்டது நிஜம். ஆச்சி அதை நாக்கடியில் அடக்கிக்கொண்டு, அவள் நகர்ந்ததும் நொய்யோடு சேர்த்துச் சன்னல் வழியாக வீசிவிடுவார். கோழி கொத்தியது போக மீதி மழையில் கரைந்தது. தீனி எடுத்துவிட்டுத் தூங்குகிற கோழிக்குச் சீக்கு இல்லை, மருந்துதான். அய்யாக்கண்ணு வெளியே ஓடிப்போய்ச் சன்னலுக்குக் கீழே தாழ்வாரக் கல்லின் இடுக்கைத் துழாவினான். பாதி கரைந்த இரண்டு வெள்ளை மாத்திரைகளை இலையில் ஏந்திக்கொண்டு வந்தான். மீரா உசேன் உடைத்த மாத்திரையின் மறுபாதியைப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் ஒன்றுதான்.

"நோட்டீஸ் வந்த அன்னிக்கே இது ஆரம்பிச்சிருக்கு. ஏன்னு ஆச்சிதான் சொல்லணும்" என்று அவர் பின்னுக்கு நகர்ந்தார்.

மங்களாம்பிகை ஆச்சி தாசில்தாரைப் பார்த்துத்தான் பேசினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. குரல் மட்டும் பிசிறவில்லை.

"நோட்டீஸப் படிச்சுட்டு இவன் வாசல்ல நின்னு யார்கிட்டயோ சொன்னான், மயக்கத்துல கெடக்கிற கெழவி கையெழுத்து கோர்ட்டுல நிக்காதுன்னு. என் காது நல்லாத்தான் கேக்குது. அன்னிக்கே விட்டுட்டேன். ஒரு வேளை விட்டாலே தெளிஞ்சுடும், இத்தனை நாள் வேண்டாம்னு பாய் மத்தியானம் வந்து சொன்னாரு. மாத்திரையையும் நீட்டினாரு. இவ்வளவு பொறுத்தாச்சு, மூணு மணி வரைக்கும் பொறுக்க மாட்டேனான்னு வேணாம்னுட்டேன். ராசம்மா மேல பழி போட்டிருக்கான்னு அவரு சொல்லித்தான் தெரியும். அப்பவே கூப்பிட்டுக் கத்தப் போனேன். இவருதான் கும்பிட்டுத் தடுத்தாரு."

தாசில்தார் மெல்லக் கேட்டார். "அவ்வளவு வலியை எதுக்கும்மா தாங்கணும்?"

"அம்பத்திரண்டு புயல்ல இந்த வீட்டுச் சுவர் என் மேலயும் எங்க வீட்டுக்காரர் மேலயும் விழுந்துச்சு. அய்யாக்கண்ணும் அவன் அப்பனும் மார்பளவு தண்ணியில வந்து, வெறுங்கையால மண்ணை வாரி எங்களை எடுத்தாங்க. அவன் வீடும் அன்னிக்குத்தான் போச்சு. அதைப் பாக்க அவன் போகலை. பதினெட்டு வருஷமா நான் அதுக்கு ஒண்ணும் செஞ்சதில்ல சார். இன்னிக்கு எழுதிக்குங்க. அரை வேலியையும் உழறது அவன்தான், அவனுக்கு முன்னாடி அவன் அப்பன். நாலு பக்கமும் எல்லை சொல்லட்டுமா?"

சொன்னார். கிழக்கே வாய்க்கால், மேற்கே கோயில் நஞ்சை என்று ஒரு வரப்பு விடாமல் சொன்னார். தாசில்தார் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். ஆச்சி கையெழுத்துப் போட்டார். மருந்து ஏதும் உட்கொள்ளாமல் சுயநினைவுடன் இருந்தார் என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு ஆதாரமாகத் தியாகராசன் காகிதத்தையே இணைத்துக்கொண்டார் தாசில்தார். தியாகராசன் அன்று மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.

அய்யாக்கண்ணு மீரா உசேனின் காலில் விழப் போனான். அவர் பிடித்துத் தூக்கி, கட்டிலைக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். பஞ்சநதம் மூக்கைச் சிந்தினார். ராசம்மாளைப் பற்றி வழியெல்லாம் பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் எதையும் கேட்டிருக்கவில்லை என்பதால் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

மீரா உசேன் மாத்திரையை அவளிடம் கொடுத்தார். இந்த முறை ஆச்சி ஒளிக்கவில்லை. விழுங்கிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னைத் திருடின்னு சொல்ல வச்சுட்டேன்டி."

"ஒன்பது நாளும் நீங்க கத்துறதக் கேட்டு நான் மாரியாத்தாவத் திட்டாத திட்டு இல்லீங்க ஆச்சி" என்றாள் ராசம்மாள். "எங்களுக்காகக் கத்துறீங்கன்னு தெரிஞ்சிருந்தா, பக்கத்துலயாவது உக்காந்திருப்பேன்."

"இப்ப உக்காரு" என்றார் ஆச்சி.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள்.