கதிரைக்குக் குத்திய மைக்

அன்று கடலோரப் பேசாலையில் அந்த வீட்டு அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்: மூடிய யன்னலோரக் கதிரையில் றஞ்சிதம். அவளுக்கு எதிரே, கமராவுக்குப் பின்னால், ஆவணப்படம் எடுக்கும் பெற்றிசியா. சாத்திய கதவில் முதுகை முட்டுக்கொடுத்து, நிலத்தில், ஒலிப்பதிவுக்காரன் நுஃமான். றஞ்சிதத்துக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவருமில்லை. காணாமல் போன அவள் புருசன் கொன்ஸ்ரன்ரைனின் சேட்டு மட்டும், பொத்தான் பூட்டி, அதன் முதுகில் கொளுவியிருந்தது.

நுஃமான் எழுந்துவந்து அவள் சட்டையில் மைக்கைக் குத்தி முடித்ததும் றஞ்சிதம் பக்கத்துக் கதிரையைக் காட்டினாள்.

"அவருக்கும் ஒண்டு குத்திவிடுங்கோ. அவரின்ரை கதைதானே."

"கதிரைக்கு மைக் குடுத்தால் நாளைக்கு மேசையும் கேக்கும், அக்கா," என்று பெற்றிசியாவின் காதுக்குள் சிரித்தான் நுஃமான்.

"வாயை மூடிக்கொண்டு குத்தடா."

சேட்டின் நெஞ்சில் குத்தினான். றஞ்சிதம் கமராவைப் பார்த்துக் கதைத்தாள். "கடல் தொழிலுக்குப் போய்த் தவறினதெண்டு சொல்லுகினம். பச்சைப் பொய். கரையிலை வைச்சு ரெண்டு பேர் இவரைக் கையைப் பிடிச்சுத் தங்கடை வள்ளத்திலை ஏத்தினவை. நான் கண்ணாலை கண்டனான்."

மந்திரிமார், மீனவர், கன்னியாஸ்திரிகள் என்று எத்தனையோ பேரின் நெஞ்சில் மைக் குத்திப் படம் எடுத்தவள் பெற்றிசியா. மூச்சு ஏறி இறங்கும்போது துணி மைக்கில் உரசும் சத்தம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே மன்னார் நகரத்து வாடகை அறையில், கச்சான் காற்று ஓட்டுக் கூரையில் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கதிரையின் ஒலியை மட்டும் தனியாகப் பிரித்து, றஞ்சிதத்தின் குரல் எட்டத்தில் மெலிதாக வரும், வேறொன்றும் இராது என்ற எண்ணத்தோடு ஹெட்போனை மாட்டியவளின் காதுக்குள், சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கும் மனிதனுடையதுபோல அந்த உரசல் நிதானமாக ஏறி இறங்கியது.

நுஃமானுக்குப் போன் எடுத்தாள்.

"ஃபான் ஓடினதோ?"

"அண்டைக்குக் கரண்ட் இல்லையே அக்கா."

"காத்து?"

"கதவு யன்னல் எல்லாம் நான்தானே சாத்தினனான்." குரலைத் தாழ்த்தினான். "அதை அழிச்சுப்போடுங்கோ அக்கா. மைக்கைக் கழட்டேக்கை சேட்டு சூடாக் கிடந்தது."

மேசையில், படத்துக்குக் காசு போட்ட கொழும்புக் கொம்பனியின் கடிதம் கிடந்தது. 'தொழிலுக்குப் போய்க் கடலில் தவறியவர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். றஞ்சிதத்தின் பேச்சை வெட்ட வேண்டும். சம்மதித்தால் அடுத்த படமும் அவளுக்கே. மறுத்தால் இனிப் படமே இல்லை. வெட்டினால் கதிரையும் போய்விடும், அந்தச் சத்தமும் தொலையும். அவள் விரல் அழிக்கும் பொத்தானில் போய் நின்றது.

அதற்குள் ஹெட்போனில், எட்டத்து றஞ்சிதத்தின் குரலில், 'கையைப் பிடிச்சு' என்ற இடம் வந்தது.

உரசல் நின்றது. பிறகு வேகமாக. மிக வேகமாக. பிறகு தண்ணீர். வாயும் மூக்கும் நிறைகிற தண்ணீர்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

பின்னால். பிடரிக்குப் பின்னால். ஈரத் துணி. சரக். சரக்.

அவள் திரும்பவில்லை. தாளை இழுத்தாள். பேனையைத் திறந்தாள்.

'உங்கள் வரியைச் சேர்க்கமாட்டேன். றஞ்சிதத்தின் ஒரு சொல்லும் வெட்டப்படாது. கதிரையின் ஒலி முழுமையாகப் படத்தில் இருக்கும். அடுத்த படத்தை உங்களுக்கு வசதியான ஆளிடம் கொடுங்கள்.'

சரக். தோளில் ஒரு சொட்டு விழுந்தது.

"அவசரப்படுத்தாதேங்கோ அண்ணை," என்றாள், திரும்பாமலே. "எழுதிக்கொண்டுதானே இருக்கிறன்."

கையெழுத்து வைத்தாள். உறையை ஒட்ட நாக்கை நீட்டினாள். விளிம்பு ஏற்கெனவே நனைந்திருந்தது. உப்பு.

அழுத்தி ஒட்டினாள்.

தபால் கந்தோரில் கிளாக்கர் முத்திரை குத்தினார். "கொழும்புக்குத்தானே பிள்ளை?"

"ஓம். கட்டாயம் போய்ச் சேரோணும்."

அவர் கடிதத்தைச் சாக்கினுள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, நிலத்தில் வைத்தார். பெற்றிசியாவின் பிடரிக்குப் பின்னால் இப்போது ஒன்றுமில்லை.

சாக்கு மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.