அம்மாவின் விமானமும் பூனை பிடித்த பெட்டியும்

எங்கள் வீட்டில் விமானம் விடத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அப்பா என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. அம்மா!

எனக்கே போன மாதம்தான் தெரியவந்தது. கறையான் இருக்கிறதா என்று பார்க்க அலுமாரிக்கு மேலிருந்த நீளப் பெட்டியை இறக்கினோம். உள்ளே ரெஜிபோம் என்கிற பாரமில்லாத நுரைப்பலகையில் செய்த மஞ்சள் விமானம் ஒன்று. இறக்கை என் உயரத்துக்கு இருந்தது.

"இது ஆர் செய்தது அம்மா?"

"நான்தான். பேராதனைக் கம்பஸில படிக்கேக்க செய்தது. நீ பிறந்த பிறகு நேரம் கிடைக்கேல்ல, விட்டிட்டன்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் அம்மாதான் திருத்துவார். அது தெரியும். ஆனால் விமானம்!

"அம்மா, ஒருக்காப் பறக்க விடுங்கோவன்!"

"போடி அபிசனா, உனக்கு வேற வேலை இல்லை" என்றார் அம்மா. ஆனால் அடுத்த கிழமையே புது ரிமோட்டும் இரண்டு பற்றரியும் வீட்டுக்கு வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெலிஓயா மைதானத்துக்குப் போனோம். அங்கே ரஸீன் அங்கிள் காத்திருந்தார். அவர் அந்தக் காலத்தில் அம்மாவோடு விமானம் விட்டவர். இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் விடுகிறார். அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் மஞ்சள் விமானத்தைக் கையில் பிடித்து ஓங்கி எறிந்தார். அது விர்ரென்று மேலே போனது! அம்மா சிரித்தார். வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

விமானம் திரும்பி எங்களை நோக்கி வந்தது. அப்போது ஒரு இறக்கை சரிந்தது. அம்மா ரிமோட்டின் குச்சியைத் தள்ளினார். ஐயோ, அது இன்னும் சரிந்தது! அம்மா இன்னும் தள்ளினார்.

டமார்! மூக்கு நிலத்தில் குத்தி உடைந்தது.

"எல்லாருக்கும் நடக்கிறதுதான் மிஸ்" என்றார் ரஸீன் அங்கிள். "பிளேன் எங்களப் பாத்து வாற நேரம் அதுட வலது எங்கட எடது. கன வருஷம் விடாம இருந்தா அது மறந்து போகும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா உடைந்த மூக்கை ஒட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காணும் பிள்ளை, போதும். எனக்கு இனிக் கை வராது. அந்தப் பெட்டியைக் கொண்டு வா, உள்ள வைப்பம்."

எனக்கு அழுகை வந்தது. விமானத்தோடு சேர்ந்து அம்மாவின் அந்தச் சிரிப்பும் பெட்டிக்குள் போய்விடுமே!

பெட்டியை எடுக்கப் போனேன். எங்கள் பூனை சுண்டு அதற்குள் சுருண்டு படுத்திருந்தது. நல்ல பூனை!

"அம்மா, பெட்டிக்குள்ள சுண்டு நித்திரை. எழுப்பினால் பிறாண்டும்."

"சரி, நாளைக்கு வைப்பம்."

அடுத்த நாளும் சுண்டு பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டிக்குள் நெத்தலிக் கருவாடு போட்டது யார் என்று நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.

அன்று நடன வகுப்பு. டீச்சர் எங்களைப் பார்த்து நின்றுதான் ஆடிக் காட்டுவார். அவர் வலது கையைத் தூக்கினால் புதுப் பிள்ளைகள் எல்லாரும் இடது கையைத் தூக்குவார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான். பழகப் பழகச் சரியாகிவிட்டது.

அட! அம்மாவும் பழகினால் போதுமே! வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, ரிமோட்டை எடுங்கோ. நான்தான் விமானம்!"

"உனக்கென்ன விசரா?"

"பற்றரி தேவையில்லை அம்மா. நான் சோத்தில ஓடுற விமானம்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வாசல் கேற்றிலிருந்து அம்மாவை நோக்கி ஓடினேன். அம்மா குச்சியை வலப்பக்கம் தள்ளினால் நான் என் வலப்பக்கம் சாய்ந்து திரும்ப வேண்டும். அதுதான் விளையாட்டு.

முதல்முறை அம்மா பக்கம் மாறித் தள்ளியதில், கொடியில் காயப்போட்ட ஈரச் சேலைக்குள் போய் விழுந்தேன். இரண்டாம்முறை அப்பாவின் தேத்தண்ணி கொட்டியது.

"விமான நிலையத்தில மனுசன் தேத்தண்ணி குடிக்கேலாது போல!" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் எனக்குக் கை உளைந்தது. ஓடிவரும்போது ஒரு கை தானாகச் சரிந்தது. அம்மா என் கையைத்தான் பார்த்தார். அது சரிந்த பக்கமே குச்சியைத் தள்ளினார். குச்சி சொன்னபடி நான் சாய்ந்தேன். சரிந்த கை மேலே வந்து நேராகிவிட்டது!

நான் அப்படியே நின்றேன்.

"அம்மா! வலம் இடம் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை! எங்களைப் பாத்து வரேக்க எந்தப் பக்கம் சரியுதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கோ. சரியிற வாழைக்கு முட்டுக் குடுக்கிறமே, அது மாதிரி!"

"இன்னொருக்கா ஓடு, பாப்பம்" என்றார் அம்மா.

ஓடினேன். அன்று மட்டும் இருபது தடவையாவது ஓடியிருப்பேன். ஒரு தடவைகூட விழவில்லை.

அடுத்த ஞாயிறு மஞ்சள் விமானம் மறுபடி மேலே போனது. திரும்பி எங்களை நோக்கி வந்தபோது மலைப்பக்கமிருந்து காற்று ஒன்று அடித்தது. இறக்கை படக்கென்று சரிந்தது.

"முட்டுக் குடு, முட்டுக் குடு" என்று அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தார். இறக்கை சரிந்த பக்கமே குச்சி போனது. விமானம் நிமிர்ந்தது!

அதோடு விட்டாரா அம்மா? வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட வைத்தார். பிறகு எங்கள் காலடிப் புல்லில் பூப்போல இறக்கினார்.

"மாஷா அல்லாஹ்! பழைய கை அப்பிடியே இருக்குதே மிஸ்!" என்று ரஸீன் அங்கிள் கை தட்டினார். அப்பா முழுவதையும் வீடியோ எடுத்திருந்தார். அதில் அவருடைய கால் சப்பாத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது.

நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். என் அம்மா மாதிரி இந்தக் கண்டியிலேயே யாரும் இல்லை!

"வீட்ட போவமா?" என்றார் அப்பா.

"இன்னொரு பற்றரி கிடக்கு" என்றார் அம்மா, வானத்தைப் பார்த்தபடியே.

"அப்ப பெட்டி அம்மா?" என்று கேட்டேன்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதே சிரிப்பு!

"அதைச் சுண்டுவுக்கே குடுத்திடு!"