அந்தப் பக்கத்து ரோலர்

கஸ்தூரி பெயிண்ட் ரோலரை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரோலர் இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பிறகுதான் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் திருமலைக்குத் திடீரென்று போட்டி போடும் ஆசை வந்துவிட்டதாக நினைத்தாள். அவள் எக்கி மேலே உருட்டினால் அவனும் உருட்டுகிறான், குனிந்து தரையோரம் இழுத்தால் அவனும் இழுக்கிறான். ஜோடியாகப் பெயிண்ட் வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, நடுவில் டீ, பீடி, போன் என்று காணாமல் போகாமல் அந்த மனுஷன் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததே கிடையாது.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த விடுதி அது. கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வருவதற்குள் மாடி ஹாலை இரண்டு அறையாக்கிவிட வேண்டும் என்று முதலாளி சகாதேவன் ஒற்றைக் காலில் நின்றார். தரையிலிருந்து கூரை வரை இரும்புச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடித்து மூடியாயிற்று. இரண்டு போர்டுக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்குக் காலி இடம். ஜன்னல்கள் அந்தப் பக்கத்து அறைக்குப் போய்விட்டதால், கஸ்தூரியின் அறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரிந்தது. அதனால்தான் பத்து மாதக் குழந்தை ஓவியாவைத் திருமலையின் பக்கம் தூளி கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். போர்டு இணைப்புகளில் பூசிய பட்டியைத் தேய்க்கும் தூசி அவளுக்கு ஆகாது; அங்கே காற்று வரும், அப்பனும் இருப்பான்.

கீழே தெருவில் பௌர்ணமிக் கூட்டம் இப்போதே மலையைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தது. செருப்பில்லாத கால்களின் சரசரப்பும், மைக்கில் யாரோ காணாமல் போனவரைக் கூப்பிடும் குரலும், வறுத்த கடலை வாசனையும் வராந்தா வழியாக வந்து, பெயிண்டுக்கு முன் பூசும் பிரைமரின் புளித்த வாடையோடு கலந்து அந்த மூடிய அறைக்குள்ளேயே சுற்றின. புதுப் போர்டு முதல் பூச்சைக் குடித்துவிடும். பூசிய கொஞ்ச நேரத்தில் பளபளப்பு அடங்கிவிடும். இந்தச் சுவர் குடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்பு பூசிய இடம்கூட இன்னும் ஈரமாக மினுங்கியது. கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

"ஏங்க, உங்க பக்கம் காஞ்சிச்சா?" என்றாள்.

சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். இரண்டு தட்டு திரும்பி வந்தது, அவள் உள்ளங்கைக்கு நேர் எதிரே. போர்டு அதிர்ந்து விரல் நுனி கூசியது. அந்தப் பக்கத்துப் போர்டில் தட்டினால் இந்தப் பக்கம் இப்படி அதிராதே என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் ஓவியா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, பாப்பா அழுவுது பாருங்க. என் கையெல்லாம் பிரைமரு. நீங்க எடுத்துக்குங்க."

அழுகை நின்றது. சிணுங்கித் தேய்ந்து அடங்கவில்லை. மூச்சின் நடுவிலேயே அறுந்து நின்றது. அப்புறம் முதுகைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் மெல்லக் கேட்டது. தட், தட், தட். கஸ்தூரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை விஷயத்தில் மட்டும் அவனைக் குறை சொல்லவே முடியாது என்று நினைத்தபடி ரோலரைப் பிரைமரில் தோய்த்தாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. திருமலை.

"கஸ்தூரி, நான் வர லேட்டாவும். கூட்டம் ஜாஸ்தியாயிட்ச்சி, ரோட்ட மறிச்சி வண்டிய விடமாட்றாங்க."

பின்னணியில் ஹாரன்களும் கூட்டத்தின் அரோகராவும் கேட்டன.

"எங்க இருக்கீங்க?"

"பெயிண்டு கடையாண்ட. பிரைமர் கம்மியா இருக்குது, வாங்கினு வர்றேன்னு அப்பவே செவுத்துல தட்டி சொன்னேனே. பாப்பாவப் பாத்துக்கன்னேன். நீ சரின்னு சொன்ன."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உன் கொரல்தாம்மா. நான் பாத்துக்கறேன், நீ போன்னு சொன்ன. என்னடா இது, போடான்ற கணக்கா மரியாத இல்லாம பேசறாளேன்னுகூட நெனச்சேன்."

தட். தட். தட்.

போன் காதிலேயே இருந்தது. தட்டும் சத்தம் அடுத்த அறையிலிருந்து வரவில்லை. கண்ணெதிரே இருந்த ஈரப் போர்டிலிருந்து வந்தது. எடுத்துக்குங்க என்று அவளே சொல்லியிருந்தாள். தன் வாயாலேயே.

ஓடினாள். வராந்தாவைத் தாண்டி அடுத்த அறைக்கதவைத் தள்ளினாள். ஜன்னல் நிறைய வெயில். திருமலையின் ரோலர் கவரில் சுற்றி மூலையில் சாய்ந்திருந்தது. பூசி வெகுநேரம் ஆனதால் வாளியின் விளிம்பில் பிரைமர் ஆடை கட்டியிருந்தது. தூளி ஆடவில்லை. கையை விட்டாள். உள்ளே சூடு இருந்தது. குழந்தை இல்லை.

"ஓவியா!"

சுவருக்குள் ஒரு சிரிப்பு. வயிற்றில் ஊதினால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

சுவர் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஓட்டை இல்லை. வாளிக்குப் பக்கத்தில் கிடந்த பட்டி பிளேடை எடுத்துக் குத்தினாள். கிழித்தாள். விரலால் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. வலி தெரியவில்லை, பயம் மட்டுமே தெரிந்தது. கீழே கூட்டம் அரோகரா என்றது. அவள் கத்தியது அதில் கரைந்து போனது.

கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய எதிர்ப் போர்டின் உட்பக்கம் வெள்ளையாக இருந்தது. பிரைமர். மேலிருந்து கீழ்வரை, ஒரு திட்டு விடாமல், ரோலரின் நேர்க்கோடுகளோடு. ஈரமாக.

தோள் வரை கையை உள்ளே விட்டாள். குளிர். இரும்பு. ஒன்றுமில்லை. இன்னும் மேலே எட்டினாள். கன்னம் சுவரில் அழுந்தியது.

"அம்மா வந்துட்டேன்டா. அம்மா வந்துட்டேன். வாடா."

குட்டி விரல்கள் வந்து அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்தன. சூடாக. எச்சில் ஈரத்தோடு. பால் குடிக்கும்போது பிடிக்கும் அதே பிடி. கஸ்தூரி வாய்விட்டு அழுதாள். உயிர் திரும்பி வந்துவிட்டது. மெதுவாக, நோகாமல், கீழே இழுத்தாள்.

அப்போது இன்னொரு கை வந்தது. பெரியது. ஈரமானது. அவசரமே இல்லாதது. அது கஸ்தூரியைத் தொடவில்லை. அம்மாவின் விரலை விடாத பிள்ளையிடம் எப்படிச் செய்வார்களோ அப்படி, கொஞ்சும் சத்தத்தோடு, ஓவியாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.