தலைக்கு அறுநூறு

கதவிடுக்கில் செருகியிருந்த பராமரிப்புச் சீட்டில் ஆட்கள் மூன்று என்று எழுதியிருந்தது.

பெரியநாயகி அதை இரண்டு முறை படித்தாள். வீட்டில் அவளும் கணவன் காசிநாதனும்தான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கேட்டும் காவலும் போட்ட இந்த அடுக்குமாடிக்கு வாடகைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முன்பணம் போக, சாமான் ஏற்ற இரண்டாயிரம், சங்கத்தில் பெயர் சேர்க்க ஆயிரம் என்று ஏற்கெனவே கை வறண்டுவிட்டது. தண்ணீருக்கும் லிஃப்டுக்கும் மாதாமாதம் தலைக்கு அறுநூறு. இல்லாத தலைக்கு எதற்கு அழ வேண்டும்?

காசிநாதன் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும். அவளே கீழே இறங்கினாள்.

சங்கச் செயலாளர் நாராயணசாமி சீட்டைப் பார்த்தார். "மூணு பேருதானேம்மா? வாட்ச்மேன் எண்ணித்தான் குடுக்கறாரு."

"நானும் அவரும்தாங்க சார்."

வாசலில் நின்ற காவலாளி பாவாடை உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இப்படிச் சொல்ற? அந்தம்மா தெனம் உன் பின்னாலயே படியேறி வருது. தலைக்கு ஊத்திக்கினு, ஈரத்தோட."

வேறு யாரையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அவள் சண்டை பிடித்தாள். நாராயணசாமி சலித்துப்போய் சீட்டிலிருந்த மூன்றைக் கோடு போட்டு அடித்தார். "ரெண்டுன்னு எழுதிட்டா ரெண்டு பேருதான் இருக்கணும். அப்புறம் மாத்த முடியாது."

"ரெண்டே பேருதாங்க." அவர் இரண்டு என்று எழுதினார்.

படியேறும்போது, அடுப்படிகளின் தாளிப்பு வாசனையை மீறிக்கொண்டு, பல நாள் மூடிக் கிடந்த தொட்டித் தண்ணீரின் வாடை மாடிப்படி முழுக்கத் தேங்கி நிற்பதையும், தன் செருப்புச் சத்தத்துக்கு அரை அடி பின்னால் வெறுங்கால் ஒன்று ஈரமாக ஒட்டி ஒட்டி எழுவதையும் அவள் உணர்ந்தும் உணராததுபோல ஏறினாள். நின்றாள். அதுவும் நின்றது. ஒரு சொட்டு மட்டும் தாமதமாக விழுந்தது.

வீட்டுக்குள் போய்த் தாழிட்டாள். ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை கருத்துக்கொண்டு வந்தது. ஆறரை. காசிநாதனுக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

கொடியில் அவன் சட்டை இல்லை. கண்ணாடிக்குக் கீழே சவர சாமான் இல்லை. வாசலில் செருப்பு இல்லை. குளியலறையில் அவன் பிரஷ் இருந்த இடத்தில் வேறொரு பிரஷ். அதில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடினாள்.

"அவரு வந்தாரா?"

"எவரும்மா?" என்றார் பாவாடை.

"எங்க வூட்டுக்காரரு. சிவப்பு பைக்கு."

பாவாடை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன் வூட்ல ஏதும்மா ஆம்பள? நீயும் அந்தம்மாவும் தானே இருக்கீங்க."

கட்டிலடியில் கல்யாண ஆல்பம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும். மேலே ஏறினாள். இந்த முறை பின்னால் சத்தம் இல்லை.

பூட்டிய கதவு திறந்திருந்தது.

கட்டிலில், காசிநாதன் படுக்கும் பக்கத்தில், முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலை சீவிக்கொண்டிருந்தாள். மெத்தையில் தண்ணீர் ஓடியது.

சீப்பு நின்றது.

உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள்.

அந்தப் பக்கமும் பின்னந்தலைதான். முடி. ஈரம். வேறொன்றும் இல்லை.

சற்றே நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.